விரல் பதிந்த கிண்ணங்கள்

பானைச் சக்கரத்தின் முன்னால் எப்படி உட்காருவது, மண்ணை எப்படிப் பிசைவது என்பதெல்லாம் சொல்லித்தர இங்கே ஆட்கள் இருக்கிறார்கள். என்னைவிட நன்றாகவே சொல்லித்தருவார்கள். நான் சக்கரத்தைத் தொட்டதே நாற்பத்திரண்டு வயதில். அதனால் எனக்குக் கொடுத்திருக்கிற நேரத்தில், நான் செய்த ஒரு மடத்தனத்தை மட்டும் சொல்லிவிட்டு இறங்கிக்கொள்கிறேன். சிரிப்பு வந்தால் தாராளமாகச் சிரியுங்கள். எனக்கும் இப்போது சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

எனக்கு ஊர் விருத்தாசலம். பீங்கான் வேலை தெரிந்தவன் என்று சொல்லி சவூதிக்குப் போனேன். அங்கே ஒரு சானிட்டரிவேர் தொழிற்சாலையில் ஒன்பது வருஷம். கழிவறைக் கோப்பை, வாஷ்பேசின். சூளையிலிருந்து வருவதை மரக்கட்டையால் ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பது என் வேலை. கணீரென்றால் பாஸ். மொத்தையாகக் கேட்டால் ரிஜெக்ட். ஒரு புள்ளி, ஒரு விரல் தடம் இருந்தாலும் ரிஜெக்ட்தான். ரிஜெக்ட் ஆனதை ஓரமாக வைக்கக் கூடாது, நின்ற இடத்திலேயே சுத்தியலால் உடைத்துவிட வேண்டும். முழுசாக விட்டால் யாராவது பின்பக்க கேட் வழியாகக் கடத்திக்கொண்டு போய்க் கம்பெனி பெயரிலேயே விற்றுவிடுவார்கள். எந்த இடத்தில் அடித்தால் எப்படிப் பிளக்கும் என்று எனக்கு அத்துப்படி. ஒரே அடி, கல்லாஸ், கதை முடிந்தது. ஒன்பது வருஷத்தில் ஒரு கெட்ட பேசின்கூட என் கையைத் தாண்டிப் போனதில்லை என்று ரொம்பத் தலைக்கனம் எனக்கு.

அந்தத் தலைக்கனத்தோடுதான் ஷார்ஜா வந்து சேர்ந்தேன். இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ. இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் ஒரு ஷெட். ஒரு பக்கம் கார் கராஜ், மறுபக்கம் கீழக்கரை பாய் ஒருவரின் பலசரக்குக் கடை. ஷெட்டை நடத்தியவர் கொரியாவிலிருந்து வந்த ஒரு பெண். மேடம் என்றுதான் கூப்பிடுவேன். என்னைவிடப் பத்து வயது சின்னவர். கணவர் ஏதோ கட்டுமானக் கம்பெனியில் என்ஜினியர். தங்கள் ஊர் மாதிரியில் தேநீர்க் கிண்ணம், சோற்றுக் கிண்ணம், தட்டு என்று எல்லாவற்றையும் கையாலேயே செய்வார். மண் கலக்க, சூளை பார்க்க நான். ஆக இரண்டே பேர். அவருடைய ஆங்கிலமும் என் ஆங்கிலமும் நொண்டியடிக்கிற இடத்தில் இந்தி வந்து கை கொடுக்கும்.

முதல் இரண்டு மாதம் ஹோட்டல்களுக்குப் பச்சை நிறத் தட்டுகள் செய்தோம். வழுவழுவென்று இருக்கும். அதைப் பார்த்து, பரவாயில்லை, நம்ம தொழில்தான் என்று இருந்துவிட்டேன்.

ஒரு நாள் அந்த வாடிக்கையாளர் வந்தார். அவரும் கொரியர். ஐம்பது வயது இருக்கும். அபுதாபியைத் தாண்டி, கடலோரத்தில் கட்டிக்கொண்டிருந்த ஒரு மின்நிலையத்தில் வெல்டிங் இன்ஸ்பெக்டர். லீவு நாளில்கூட இரும்பு முனை வைத்த சேஃப்டி ஷூவோடு வந்தார். அலமாரியில் இருந்த ஒவ்வொரு தட்டையும் நகத்தால் சுண்டிப் பார்த்தார். அடேங்கப்பா, நம்ம ஜாதி மனுஷன் என்று பார்த்ததுமே பிடித்துப்போயிற்று.

அவர் போன பிறகு மேடம் விஷயத்தைச் சொன்னார். அந்த மனிதருடைய அம்மா போன வருஷம் காலமாகிவிட்டார். முதல் வருஷத் திதி வருகிறது. இவர்தான் மூத்த பிள்ளை. பிளான்ட் ஓட ஆரம்பிக்கிற நேரம் என்று கம்பெனி லீவு கொடுக்கவில்லை. கேம்ப் ரூமிலேயே படைக்கப்போகிறார். அங்கே இருப்பதெல்லாம் மெலமைன் தட்டு. "எங்கம்மாவுக்கு மெலமைன் தட்டுல சோறு வைக்க மாட்டேன்" என்றாராம். அவர்கள் வழக்கத்தில் அரிசி மது வைத்துப் படைப்பார்கள். கேம்ப்பில் அது ஆகாது. அந்தக் காலத்தில் மதுவுக்குப் பதில் தேநீர் வைத்துப் படைத்ததும் உண்டு என்று மேடம் சொல்லியிருக்கிறார். அதனால் சோற்றுக்கு ஒன்று, சூப்புக்கு ஒன்று, தேநீருக்கு மூன்று, மற்றவற்றுக்கு ஆறு சின்னத் தட்டு. மொத்தம் பதினொன்று. அந்தத் தேதிக்குள் கிடைத்தாக வேண்டும், தேதி தாண்டினால் பிரயோஜனமில்லை. இதை ஒரு தமிழனுக்கு விளக்க வேண்டுமா என்ன!

நான் லீவில் இருந்த ஒரு வெள்ளிக்கிழமை மேடம் அவற்றுக்கு வெள்ளை மண் குழம்பு பூசி, மேலே கிளேஸ் என்கிற பளபளப்புப் பூச்சும் கொடுத்துச் சூளையில் அடுக்கிவிட்டார். மறுநாள் சுட்டோம். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு விசாவுக்கான மெடிக்கல் டெஸ்ட். காலையில் போன் செய்தார்.

"சூளை ஆறிடுச்சுன்னா திறங்க. நீங்கதான் இன்ஸ்பெக்டராச்சே, பார்த்து எடுத்து வைங்க."

பார்த்தேன். பார்த்ததும் பகீரென்றது. வெள்ளைப் பூச்சு ஒரே சீராக இல்லை. முரட்டு பிரஷ்ஷால் இழுத்த கோடுகள், நடுநடுவே சாம்பல் நிற மண் தெரிகிறது. மேலே முழுக்க மயிரிழை விரிசல். தட்டினால் மொத்தைச் சத்தம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொன்றின் அடியிலும் நான்கைந்து விரல் தடம், அங்கே பூச்சே ஏறவில்லை. ஐயோ பாவம், மேடத்துக்குக் கை தவறிவிட்டது என்றுதான் நினைத்தேன். வேறு எதற்காவது போகிற சாமான் என்றால்கூட யோசித்திருப்பேனோ என்னவோ. இது ஒரு தாயாருக்குப் படைக்கிற பாத்திரம். இதையா அனுப்புவது? பயபக்தியோடுதான் சுத்தியலை எடுத்தேன். பதினொன்றுக்கும் பதினோரு அடி.

சத்தம் கேட்டுப் பக்கத்துக் கடை பாய் ஓடி வந்தார்.

"என்னண்ணே பண்றீங்க?"

"எல்லாம் ரிஜெக்ட் பாய். புதுசா செய்யச் சொல்லணும்."

அவர் ஒரு துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அண்ணே, இதே மாதிரி கோடு போட்ட கிண்ணத்துலதானே மேடம் தினம் டீ குடிக்கிது. நான்தானே சுடுதண்ணி கொண்டாந்து ஊத்துறேன்."

அந்தக் கிண்ணத்தை நானும் தினம் பார்த்திருக்கிறேன். பழசு, தேய்ந்துபோனது என்று எண்ணிக்கொண்டிருந்தேனே தவிர, அப்படித்தான் செய்வார்கள் என்று புத்திக்கு எட்டவே இல்லை.

பாய் குரலைத் தாழ்த்தினார். "சூளைக்குள்ளயே வெடிச்சுப்போச்சுன்னு சொல்லிருங்க. யாருக்குத் தெரியப்போகுது? வந்து ரெண்டு மாசம்தான் ஆகுது, விசாவை கேன்சல் பண்ணிட்டா என்ன செய்வீங்க?"

நான் பெரிய அரிச்சந்திரன் இல்லை. அப்படிச் சொல்லிவிடலாம் என்று முடிவே செய்துவிட்டேன். ஆனால் மேடம் உள்ளே வரும்போது சுத்தியல் இன்னும் என் கையிலேயே இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு எந்தப் பொய்யைச் சொல்வது?

"நான்தான் மேடம். ரிஜெக்ட்னு நினைச்சு உடைச்சிட்டேன்."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். குத்துக்காலிட்டு உட்கார்ந்து துண்டுகளைப் பொறுக்கி, எது எந்தக் கிண்ணம் என்று பிரித்து வைத்தார். ஏன் என்று கேட்டார். அடியில் இருந்த தடத்தைக் காட்டினேன். அவர் ஓர் அடித்துண்டை எடுத்து, அந்தத் தடங்களின் மேல் தன் விரல்களை ஒவ்வொன்றாக வைத்தார். கச்சிதமாகப் பொருந்தியது.

"கிளேஸ்ல முக்கும்போது பிடிச்ச இடம். இது என் கை. இதை ஏன் மறைக்கணும்?"

பிறகு துண்டைக் கீழே வைத்துவிட்டு அழுதார். கிண்ணத்துக்காக அழவில்லை, அந்த மனிதருக்கு வாக்குக் கொடுத்துவிட்டோமே என்றுதான் அழுதார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து சும்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இங்கே நிறுத்தி உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒரு பாத்திரம் சரியில்லை என்று உங்களுக்குத் தோன்றினால் தள்ளி வையுங்கள். தப்பே இல்லை. ஆனால் உடைக்கிற வேலையை வேறொருவர் செய்யட்டும், அதுவும் ஒரு வாரம் கழித்துச் செய்யட்டும். நிச்சயமாகத் தெரியும் என்று நினைக்கிற நேரத்தில்தான் நாம் பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் விடுகிறோம். பலசரக்குக் கடைக்காரருக்குத் தெரிந்தது ஒன்பது வருஷ இன்ஸ்பெக்டருக்குத் தெரியவில்லை.

திதிக்கு எட்டு நாள் பாக்கி. மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு விரல்விட்டு எண்ணினார். செய்ய, காய, ஒரு முறை சுட, பூச, மறுபடி சுட, ஆற. நடுவில் ஒன்றுகூடப் பிசகக் கூடாது. அந்த ஜூலை வெயிலில் மண் காய்வது பெரிய விஷயமில்லை. ஓரம் சீக்கிரம் காய்ந்து, அடி ஈரமாகவே இருந்து பிளந்துகொள்வதுதான் பயம். அங்கே மட்டும் என் ஒன்பது வருஷம் பயன்பட்டது. ஈரச் சாக்கு போர்த்தி, மணிக்கொரு தரம் எடுத்து, திருப்பிப் போட்டு, பிள்ளை பெற்ற வீட்டில் செய்கிற மாதிரி பார்த்துக்கொண்டேன். போன தடவை பதினொன்றே செய்திருந்தார். இந்தத் தடவை பதினாறு.

சூளையைப் பற்ற வைக்கிற நாளில் மேடம் சொன்னது ஒரே வாக்கியம்: "இந்தச் சூளை உங்களுடையது. திறக்கிறதும் நீங்கதான்."

உடைத்த கையிலேயே திரும்பக் கொடுத்தார் பாருங்கள்! எனக்கு இந்தத் தொழிலில் கிடைத்த பெரிய மரியாதை அதுதான். அதற்குப் பிறகு எத்தனையோ இடத்தில் வேலை பார்த்துவிட்டேன், அதற்கு ஈடாக ஒன்றும் கிடைத்ததில்லை. இன்றைக்கும் அவரை நினைக்காமல் நான் சூளைக் கதவில் கை வைப்பதில்லை.

கேஸ் வண்டி அன்றைக்குப் பார்த்துத் தாமதமாக வந்தது. சுட்டு முடிக்க நான்கைந்து மணி நேரம் பிந்திவிட்டது. திதியன்று மத்தியானம் மூன்று மணிக்கு வெல்டிங் இன்ஸ்பெக்டர் காரோடு வந்து நின்றபோது சூளையின் மீட்டர் இருநூற்று அறுபது டிகிரி காட்டியது. வெளியே வெயில் நாற்பத்தைந்து. அந்தச் சூட்டில் சூளை எங்கே ஆறப்போகிறது! அவர் கேம்ப்புக்குப் போய்ச்சேர மூன்றரை மணி நேரம் ஆகும். பொழுது சாய்ந்ததும் படைக்க வேண்டும். கேம்ப்பில் நான்கு பேர் சமைத்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள்.

மேடம் நடந்ததை எல்லாம் அவரிடம் முன்பே போனில் சொல்லியிருந்தார், நான் உடைத்தது உட்பட. அதனால் அவர் என்னைப் பார்த்த பார்வையில் அன்பு ஒன்றும் இல்லை. மேடத்திடம் கொரிய மொழியில் ஏதோ வேகமாகச் சொன்னார். மேடம் என்னைக் கை காட்டினார்.

"அவரைக் கேளுங்க. சூளை அவருடையது."

அவர் என் பக்கம் திரும்பினார். "ஓப்பன். ஜல்தி."

"மாஃபி ஓப்பன் சார், நோ ஓப்பன். டூ சிக்ஸ்டி."

"ஐ கோ அபுதாபி! அபுதாபி ஆஃப்டர்! மை மதர், டுடே!"

இருநூறு சொச்சத்தில் இந்த மண்ணுக்கு ஒரு கண்டம் இருக்கிறது. அதைத் தாண்டும்போது குளிர்ந்த காற்று பட்டால் உள்ளேயே பிளந்துகொள்ளும். சில நேரம் ஒன்றும் ஆகாமல் தப்பிப்பதும் உண்டு. அதுதான் பெரிய சோதனை. திறந்துவிட்டால் அவர் போய்விடுவார், என் பாரம் இறங்கிவிடும். ஒரு தடவை அவர் பாத்திரங்களை உடைத்தவன் நான். இப்போது அவர் அம்மாவின் திதிக்கும் குறுக்கே நிற்கிறேன். ஆனாலும் கதவுக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன்.

"சார், நான் ஒரு தடவ அவசரப்பட்டேன். திரும்ப அவசரப்பட மாட்டேன். நீங்க என்னை அடிச்சாலும் சரி." இதைப் பாதி இந்தியிலும் பாதி கையாலும் சொன்னேன்.

அவர் என்னைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார். மீட்டரைப் பார்த்தார். சூளையின் இரும்புச் சட்டத்தில் உள்ளங்கையை வைத்து, சட்டென்று எடுத்தார். பிறகு மண் மூட்டைமேல் தொப்பென்று உட்கார்ந்து, ஒரு மாதிரி சிரித்தார்.

மேடம் எனக்குச் சொன்னார்: "அவங்க சைட்லயும் இதேதானாம். வெல்டிங் முடிஞ்சதும் போர்வை சுத்தி மெல்ல ஆறவிடணும். வெல்டர் அவசரப்பட்டு அவிழ்த்தா கிராக் விடும். இவர் அதை வெட்டிப்போடச் சொல்வார். இன்னைக்கு நானே அந்த வெல்டர் மாதிரி வந்து நிக்கிறேன்கிறார்."

பாய் பால் ஊற்றாத சுலைமானி டீ கொண்டுவந்தார். மூன்றரை மணி நேரம் மீட்டரைப் பார்த்துக்கொண்டே நானும் அவரும் அந்த மண் மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தோம். கேம்ப்புக்குப் போன் செய்து, சாப்பிட்டுவிடுங்கள், நான் வரமுடியாது என்று சொல்லிவிட்டார். அவருடைய அம்மா சந்தையில் கீரை விற்றவராம். பிறகு என் அம்மாவைப் பற்றிக் கேட்டார். மூன்று வருஷத்துக்கு முன்னால், நான் சவூதியில் இருந்தபோது போய்விட்டாள் என்றேன். பாஸ்போர்ட் கம்பெனி கையில். கெஞ்சிப் பார்த்தேன், அனுப்பவில்லை. தம்பிதான் கொள்ளி வைத்தான். திதி கொடுத்தாயா என்று கேட்டார். அவன்தான் கொடுக்கிறான், நான் ஒன்றும் செய்யவில்லை என்றேன். அவர் மறுபடி மீட்டரைப் பார்த்தார்.

ஆறரைக்கு மீட்டர் தொண்ணூறுக்கு வந்தது. திறந்தேன். பதினாறில் மூன்று அடியில் பிளந்திருந்தன. பதின்மூன்று நன்றாக வந்திருந்தன. கோடும் விரிசலும் விரல் தடமுமாக, எப்படி வர வேண்டுமோ அப்படி. அவர் ஒவ்வொன்றையும் நகத்தால் சுண்டி, மொத்தைச் சத்தத்தைக் கேட்டுத் தலையாட்டினார். "இங்கேயே படைச்சிடலாமா?" என்று மேடத்தைக் கேட்டார்.

மண் பிசைகிற மேஜையைக் கழுவித் துணி விரித்தோம். மேடம் ஷெட்டின் பின்னறையில் முள்ளங்கி சூப் வைத்தார். பாய் வீட்டிலிருந்து சுடச்சுட வெள்ளைச் சோறு வந்தது. இலந்தைப் பழம் வேண்டும் என்றார்கள், பேரீச்சம்பழம் கிடைத்தது. பிறகு மேடம் பாயிடம் கருவாடு கேட்டார்.

"திதிக்குக் கருவாடா!" என்று நான் வாயைப் பிளந்தேன்.

"அவங்க வழக்கம் அதுண்ணே. உங்க வழக்கத்தை உங்க வீட்டுல வச்சுக்குங்க" என்று பாய் என்னை ஓட்டிவிட்டு, கடையிலிருந்த கருவாட்டிலேயே பெரிசாக ஒன்றைப் பொறுக்கிக் கொண்டுவந்தார். காசு கொடுக்கப் போனதற்குக் கோபித்துக்கொண்டார்.

மக்ரிப் தொழுகை முடிந்து பாய் திரும்பியபோது எல்லாம் தயார். கிண்ணங்களில் இன்னும் சூளைச் சூடு இருந்தது. இன்ஸ்பெக்டர் ஷூவைக் கழற்றினார். ஒரு காகிதத்தில் அம்மா பெயரை எழுதி மேஜைமேல் சாய்த்து வைத்தார். பிறகு என்னிடம் ஷட்டரைத் தூக்கச் சொன்னார். அம்மா உள்ளே வர வழி வேண்டுமாம். நான் ஷட்டரை முழுசாக மேலே ஏற்றினேன். அனல் காற்று குபீரென்று அடித்தது. பக்கத்துக் கராஜில் வேலை செய்தவர்கள் ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டு இந்தப் பக்கம் பார்த்து நின்றார்கள்.

அவர் தேநீர் ஊற்றி வைத்தார். சோற்றில் கரண்டியை நட்டார். தரையில் விழுந்து இரண்டு முறை கும்பிட்டார். இரண்டாம் முறை எழுந்திருக்க நேரமாயிற்று. முதுகு குலுங்கியது. ஐம்பது வயது ஆள், மூத்த பிள்ளை. நாங்கள் மூன்று பேரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டோம்.

முடிந்ததும் எல்லாரையும் சாப்பிட உட்காரச் சொன்னார்.

"ஷட்டரை இறக்குங்கண்ணே, ஏசி கூலிங் பூராவும் போகுது" என்றார் பாய்.

நான் எழுந்து போய் ஷட்டரைப் பிடித்து இழுத்தேன். பாதி இறங்கியிருக்கும்.

"வெயிட்" என்று பின்னாலிருந்து இன்ஸ்பெக்டரின் குரல் வந்தது. "யுவர் மதர். கம், நோ கம்?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். மிச்சமிருந்த இரண்டு கிண்ணங்களில் ஒன்றை எடுத்து, துடைத்து, மேஜைமேல் வைத்துத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு வெற்றுக் காகிதமும் பேனாவும் இருந்தன.

ஷட்டரை மறுபடி மேலே தூக்கிவிட்டேன். போய் அந்தக் காகிதத்தில் தனபாக்கியம் என்று எழுதினேன். செருப்பைக் கழற்றிவிட்டு, அந்த மண் தரையில் விழுந்து கும்பிட்டேன்.